மளிகைக் கடையில் கிலோ வந்துவிட்டது, கட்டடத்தில் அடி ஏன் இன்னும் போகவில்லை?

கரிசல்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விருதுநகர் பக்கம் சொந்த ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் நடந்ததைச் சொல்லி ஒரு கேள்வி கேட்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மேஸ்திரி நிலை வைத்தது ஏழடிக்கு மூன்றடி, உள் அளவு. கதவை மட்டும் ரெடிமேடாக வாங்கிக்கொள்ளலாம் என்று கடைக்குப் போய், ‘ஏழுக்கு மூணு, நாலு கதவு’ என்று சொல்லி முன்பணம் கொடுத்தேன். வண்டியிலிருந்து இறக்கியபோது கதவின் ஓரத்தில் 2100 × 900 என்று அச்சடித்திருந்தது. நிலையில் நிறுத்திப் பார்த்தால் மேலே இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏழடி என்பது 2133.6 மில்லிமீட்டர். மூன்றடி என்பது 914.4. உயரத்தில் ஒன்றேகால் இஞ்சுக்கு மேல் குறைகிறது, அகலத்தில் அரை இஞ்சுக்கு மேல்.

கடைக்காரரிடம் போனேன். அவர் பில்லைக் காட்டினார், அதிலும் 2100 × 900 என்றுதான் இருக்கிறது. ‘ஏழுக்கு மூணுன்னு எல்லாரும் வாங்குறது இதைத்தான் சார்’ என்றார். அவர் ஏமாற்றவில்லை, மேஸ்திரியும் தப்பாக வைக்கவில்லை. ஆளுக்கு ஒரு கணக்கில் ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறோம்.

என் கேள்வி இதுதான். என் அம்மாச்சி வீசை, பலம் என்று பேசியது எனக்கு நினைவிருக்கிறது. இன்று ஒரு மளிகைக் கடையிலும் அந்தச் சொற்கள் இல்லை. கிலோ அவ்வளவு சுத்தமாக வந்துவிட்டது. அதே சட்டம்தானே மீட்டருக்கும்? கட்டட வேலையில் மட்டும் அடியும் இஞ்சும் எப்படி இத்தனை வருடம் தாக்குப்பிடித்தன? கதவுக்கு என்ன செய்யலாம் என்றும் யாராவது சொன்னால் நல்லது.

---

தச்சுப்பட்டறை எழுதியது:

முதலில் கதவு. பயப்பட வேண்டாம். நிலையின் மேல் தலையில் உள்பக்கமாக அதே மரத்தில் 30 எம்எம் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வைத்து ஸ்குரூ போடச் சொல்லுங்கள். கீல் பக்கம் 11 எம்எம் பட்டி ஒட்டினால் போதும். சுற்றிலும் இரண்டு மூன்று எம்எம் இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கதவு பிடித்துக்கொள்ளும். கதவின் ஓரத்தில் துண்டு ஒட்டிப் பெரிதாக்க வேண்டாம், அது நாளாக ஆகப் பிரிந்து நிற்கும்.

உங்கள் கேள்விக்கு: ஒரு டேப்பை எடுத்து இழுத்துப் பாருங்கள். மேல் வரிசையில் இஞ்ச், கீழ் வரிசையில் சென்டிமீட்டர். இருபத்தாறு வருடமாக நான் கீழ் வரிசையைப் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். எங்களுக்கு ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். ‘மூணடி நாலு இஞ்ச் ரெண்டு நூல்’ என்று மேலிருந்து நான் கத்தினால் கீழே நிற்கும் பையன் அப்படியே அறுத்துக் கொடுப்பான். நூலுக்குக் கீழே அரை நூல், அதற்குக் கீழே இழைப்புளி பார்த்துக்கொள்ளும்.

அதே வாயால் பிளைவுட் கேட்கும்போது ‘எட்டுக்கு நாலு, பதினெட்டு எம்எம்’ என்கிறோம். நீள அகலம் அடியில், கனம் மில்லிமீட்டரில். தேக்கு வாங்கினால் கன அடி. இதில் குழப்பம் எங்களுக்கு வந்ததில்லை. எல்லோரும் ஒரே மாதிரி கலந்து பேசுகிறவரைக்கும் வராது. கதவு ஃபேக்டரியில் யாரோ முழுவதும் மில்லிமீட்டருக்குப் போய்விட்டார், அங்கேதான் உங்களுக்கு இடித்தது.

---

பழையகடை எழுதியது:

தம்பி கரிசல்காடு, அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மதுரைக்குத் தெற்கே என் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நான் கடையில்தான்.

முதலில் வந்தது காசு. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை (தம்பிடி), ஆக ரூபாய்க்கு 192 பை. இனி 100 நயா பைசா. நூறைப் பதினாறால் வகுத்தால் ஆறேகால் வரும் அல்லவா, அதனால் ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று பட்டியல் போட்டார்கள். ஓரணாச் சாமானைத் தனித்தனியாக நாலு தடவை வாங்கினால் 24, சேர்த்து வாங்கினால் 25. அந்த ஒரு பைசாவுக்காகக் கடை வாசலில் நடந்த சண்டைகளை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எடை அதற்குப் பிறகு. 1956 டிசம்பரில் எடை அளவுச் சட்டம், 1958 அக்டோபர் 1 முதல் சில பகுதிகளில் மட்டும் கிலோ, 1962 ஏப்ரல் முதல் எடைக்கு நாடு முழுவதும் கட்டாயம். நடுவில் இரண்டும் செல்லும். அந்த இடைவெளிதான் பெரிய உதவி. கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் அப்பா ஒரு மாற்றுப் பட்டியலைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். ஒரு பலம் 35 கிராம். ஒரு வீசை நாற்பது பலம், அதாவது 1 கிலோ 400 கிராம். எட்டு வீசை ஒரு மணங்கு. ஓர் ஆச்சி வந்து ‘பத்துப் பலம் புளி’ என்றால் அப்பா பட்டியலைப் பார்க்காமலே இருநூறு, நூறு, ஐம்பது என்று மூன்று கல்லைத் தட்டில் வைப்பார். ஆச்சிக்குக் கிடைத்தது பத்துப் பலம், கடையில் நிறுத்தது 350 கிராம்.

புதுக் கல் ஆறு பட்டை. கீழே ஒரு குழியில் ஈயம் ஊற்றி அதன்மேல் முத்திரை குத்தியிருக்கும். கெடு முடிந்த பிறகு பழைய வீசைக்கல்லைத் தராசுப் பக்கத்தில் வைத்திருந்தாலே தப்பு. அப்பா அதைக் கிணற்றடியில் கயிற்றுக்குப் பாரமாகக் கட்டிவிட்டார்.

கல்லே போய்விட்டால் வீசையை வைத்து எதை நிறுப்பது? வாடிக்கையாளர் வாயில் பலம் இன்னும் பத்து வருடம் இருந்தது, ஆனால் தராசில் இல்லை. உங்கள் ஆசாரியின் கையில் இருக்கும் டேப்பை யாரும் பிடுங்கவில்லை. இரண்டு அளவையும் ஒரே பட்டையில் அச்சடித்தல்லவா கொடுத்திருக்கிறார்கள்!

---

சைட்_இன்ஜினியர் எழுதியது:

பழையகடை ஐயா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கட்டடத்தில் மீட்டர் வரவே இல்லை என்று சொல்லக் கூடாது. பாதி வந்துவிட்டது.

கம்பியைப் பாருங்கள். 8, 10, 12, 16 எம்எம். கையெழுத்துப் போடத் தெரியாத கம்பி கட்டுபவர்கூட ‘அரை இஞ்ச் கம்பி’ என்று இன்று சொல்வதில்லை. ஒரு மீட்டர் கம்பியின் எடை வேண்டுமா, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுக்க வேண்டும். 12 எம்எம் என்றால் 144-ஐ 162-ஆல் வகுத்து 0.889 கிலோ. சைட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அது முன்பு ஒரு ஹண்டர்வெயிட், 112 பவுண்டு, அதாவது 50.8 கிலோ. தூக்குகிறவருக்கு வித்தியாசமே தெரியாமல் மாறிய அளவு அது.

மாறாதவை: மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கு, யூனிட் என்றால் 100 கன அடி. 20 எம்எம் ஜல்லிக்கு முக்கால் ஜல்லி என்றுதான் பெயர். செங்கல் ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று. மெட்ரிக்குக்கு என்றே 190 × 90 × 90 மில்லிமீட்டரில் மாடுலர் செங்கல் என்று ஒரு தர அளவு இருக்கிறது. கலவை சேர்ந்தால் 200, 100, 100 என்று கச்சிதமாக வரும். நல்ல யோசனைதான். ஆனால் நம் சூளைகளில் அதைத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே நிற்கிற வீட்டுச் சுவர் எல்லாம் ஒன்பது இஞ்ச். அதையொட்டி ஓர் அறை இழுக்க வேண்டுமென்றால் அதே செங்கல்தான் வேண்டும். வரைபடத்தில் நாங்கள் 230 எம்எம் சுவர் என்று போடுவது அந்த ஒன்பது இஞ்சைத்தான்.

---

கரிசல்காடு எழுதியது:

மிக்க நன்றி. ஆசாரியிடம் ரீப்பர் யோசனையைச் சொல்லிவிட்டேன்.

சார், கம்பி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கம்பி 40 அடி என்று மேஸ்திரி சொல்கிறார். கடையில் 12 மீட்டர் என்கிறார்கள். இதுவும் கதவுக் கதைதானா?

---

சைட்_இன்ஜினியர் எழுதியது:

அதேதான். 12 மீட்டர் என்றால் 39 அடி நாலரை இஞ்ச். நாற்பதுக்கு ஏழரை இஞ்ச் குறைவு. கம்பியை எடைக்கு வாங்குகிறோம், அதனால் பணம் போகாது. வெட்டுகிற இடத்தில்தான் மாட்டும். நாலடித் துண்டு பத்து வரும் என்று எழுதிக் கொடுத்தால் ஒன்பதுதான் முழுசாக வரும், பத்தாவது துண்டு ஏழரை இஞ்ச் குட்டை. என் முதல் சைட்டில் நானே இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மீதித் துண்டுகளை லிண்டலுக்கும் சன்ஷேடுக்கும் போட்டுச் சரிக்கட்டினோம்.

---

நூல்நம்பர்40 எழுதியது:

திருப்பூரிலிருந்து. எங்கள் தொழிலைப் பார்த்தால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள்.

நூலுக்கு நம்பர் என்பது இங்கிலீஷ் கவுண்ட். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. கெஜத்தையும் பவுண்டையும் கண்ணால் பார்த்திராத இருபது வயதுப் பையன் நிட்டிங்கில் இதை வைத்துத்தான் நாள் முழுக்கப் பேசுகிறான். மெஷின் டயா (விட்டம்) இஞ்சில். கேஜ் என்பது ஒரு இஞ்சுக்கு எத்தனை ஊசி. இதுவரை எல்லாமே பழைய அளவு. துணி மெஷினை விட்டு இறங்கியவுடன் அதே பையன் வட்டக் கட்டரால் ஒரு துண்டு வெட்டி, சின்னத் தராசில் வைத்து, ‘ஜிஎஸ்எம் 180’ என்கிறான். அது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு, முழு மெட்ரிக். நூல் வருவதும் துணி போவதும் கிலோவில்.

நூலுக்கும் மெட்ரிக் அளவு உண்டு, டெக்ஸ் என்று பெயர். ஆயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் டெக்ஸ். 40-ஆம் நம்பர் ஏறக்குறைய 14.8 டெக்ஸ். பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், டெஸ்ட் ரிப்போர்ட்டில் பார்த்திருக்கிறேன், மில்லுக்குப் போன் போட்டு யாரும் டெக்ஸ் கேட்டு நான் கேட்டதில்லை. ஒரு காரணம் சொல்லவா? 30-க்கு அடுத்து 34, அதற்கு அடுத்து 40 என்று விலை, மெஷின், துணியின் கனம் எல்லாம் அந்த நம்பரோடு சேர்ந்து எங்கள் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. டெக்ஸில் நம்பர் ஏறினால் நூல் தடிமன். முழுக்கத் தலைகீழ். தெரியாத அளவைப் பழகிக்கொள்ளலாம். தெரிந்த அளவைத் தலைகீழாகப் பழகுவது ரொம்பக் கஷ்டம்.

---

வாய்க்கால்கரை எழுதியது:

நான் மன்னார்குடிப் பக்கம். நிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே.

எங்கள் ஊரில் பெரியவர்கள் மா, வேலி. மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. என் தலைமுறைக்கு சென்ட், ஏக்கர். பட்டாவில் இருப்பது இரண்டும் இல்லை, ஹெக்டேர்-ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். எண்பதுகளில் யுடிஆர் (நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம்) சமயத்தில் பதிவேடு எல்லாம் இப்படி ஆனது. பத்திரமோ சென்டில்தான் எழுதுகிறோம்.

எங்கள் குடும்பத்துப் பாகப் பிரிவினையில் தாத்தா காலத்துப் பத்திரத்தில் 31 சென்ட் என்று இருந்த துண்டு, பட்டாவில் 0-12.50 என்று இருந்தது. 12.50 ஏரை சென்டாக்கினால் 30.89. 0.11 சென்ட், ஏறக்குறைய 49 சதுர அடி காணோம். வேலியை யாரும் நகர்த்தவில்லை, மண் குறையவில்லை. கணக்கை முழுசாக்கியதில் போனது. ஆனால் சித்தப்பாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் அந்த 49 சதுர அடி இரண்டு வருடம் பேச்சில்லாமல் வைத்திருந்தது. கடைசியில் சர்வேயர் வந்து, பழைய புலப்படத்தில் லிங்க்ஸில் இருந்த அளவை மீட்டராக்கி, கல்லுக்குக் கல் இழுத்துக் காட்டிய பிறகுதான் இருவரும் சமாதானமானார்கள்.

பழையகடை ஐயாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். கல்லைப் பிடுங்கியது மட்டும் காரணமாக இருக்காது. அணாவும் வீசையும் கணக்குப் போடக் கஷ்டம், பன்னிரண்டு, பதினாறு, நாற்பது, எட்டு என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருக்கல். கிலோ வந்தபோது அந்தத் தொல்லை தீர்ந்தது, அதனால் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். சென்ட்டோ ஏற்கெனவே நூற்றில் ஒன்று. சர்வே சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட், நூறு சென்ட் ஒரு ஏக்கர். புள்ளி வைத்துக் கூட்டிக் கழிக்கலாம். ஏர் வந்து எங்களுக்குப் புதிதாக எந்த வசதியும் தரவில்லை.

---

பழையகடை எழுதியது:

வாய்க்கால்கரை, நீங்கள் சொல்வது சரி. நான் அந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை. ‘மூணு வீசை பதினேழு பலம் வெல்லம், வீசை ஒண்ணே காலே அரைக்கால் ரூபாய்’ என்றால் வாய்ப்பாடு தெரிந்த அப்பாவே விரலை மடக்குவார். கிலோ வந்த பிறகு பத்து வயதில் நானே பில் போட ஆரம்பித்தேன்.

---

வேர்களைத்தேடி எழுதியது:

எல்லோரும் மெட்ரிக் வந்தது நல்லது என்றே பேசுகிறீர்கள். எனக்கு வருத்தம்தான். ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று எத்தனை அழகான சொற்கள்! இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நம் முன்னோர் கைக்கும் கண்ணுக்கும் பழகிய அளவுகளை ஒரு சட்டத்தால் தள்ளிவிட்டோம். என் பிள்ளைகளுக்கு மரக்கால் என்றால் என்னவென்று படம் காட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

---

பழையகடை எழுதியது:

சொற்களுக்காக நீங்கள் வருந்துவது எனக்குப் புரிகிறது. மரக்காலின் பித்தளைப் பூண் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆனால் அந்த அளவோடு வாழ்ந்தவர்களின் பாட்டையும் சொல்லியாக வேண்டும்.

படி என்பது ஒரே படி இல்லை. பட்டணம் படி வேறு, எங்கள் ஊர்ப் படி வேறு. அடுத்த சந்தைக்குப் போனால் அங்கே வேறு. அளக்கிற விதத்தில் இன்னும் கூத்து. தலை தட்டி அளப்பதா, கும்பம் வைத்து அளப்பதா? அரிசியை மெல்லச் சரித்துவிட்டால் பொசுபொசுவென்று நிற்கும், படியை ஒரு தட்டுத் தட்டினால் இறங்கும். கூலிக்கு நெல் அளக்கும்போது ஒரு கை, குத்தகை நெல் வாங்கும்போது வேறு கை. களத்தில் கூலி வாங்க நின்ற பெண்கள் அளப்பவனின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், விரல் மரக்காலுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று. என் அம்மாவும் சிறுவயதில் அப்படி நின்றவர்.

அரிசிக்கு வந்த மாற்றம் அளவின் பெயர் மாற்றம் மட்டும் இல்லை. முகந்து அளப்பது போய் நிறுத்துப் போடுவது வந்தது. கும்பமும் கட்டைவிரலும் தராசில் ஏறாது. தராசிலும் ஏமாற்றலாம், ஆனால் முத்திரைக் கல்லை வேறொரு கல்லோடு வைத்துப் பார்க்க யாராலும் முடியும்.

---

அடுப்பங்கரை எழுதியது:

வேர்களைத்தேடி, எங்கள் வீட்டில் ஆழாக்கு இன்னும் அரிசிப் பானைக்குள்தான் கிடக்கிறது! இட்லிக்கு நாலுக்கு ஒன்று உளுந்து என்பதை யாராவது தராசில் நிறுத்துப் போடுகிறார்களா? எந்தப் பாத்திரத்தில் அளந்தாலும் நாலுக்கு ஒன்று நாலுக்கு ஒன்றுதான். கடையில் கிலோவில் வாங்குகிறேன், வீட்டில் ஆழாக்கில் அளக்கிறேன். பூக்காரம்மாவிடம் முழம், அதுவும் அவர் கை முழம். என் கையால் அளந்தால் முக்கால் முழம் கூடத் தேறாது, ஆனாலும் அவரிடம்தான் வாங்குவேன்.

---

வார்டு_சிஸ்டர் எழுதியது:

நான் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள். எங்கள் துறையில் இந்தக் கலப்பு வேடிக்கைப் பேச்சாக இருக்காது, கவலையாகத்தான் இருக்கும்.

குழந்தை பிறந்தால் பாட்டிமார் முன்பு ‘எத்தனை பவுண்டு?’ என்று கேட்பார்கள். இப்போது எல்லோருமே கிலோ. இரண்டரை கிலோவுக்குக் கீழே என்றால் எடை குறைந்த குழந்தை என்பது கிராமத்துத் தாய்க்கும் தெரியும். எடைத் தராசும் தடுப்பூசி அட்டையும் கிலோவில் வந்ததால் பேச்சும் மாறியது. காய்ச்சல் மட்டும் ஃபாரன்ஹீட்டை விடவில்லை. ‘நூறு இருக்கு சிஸ்டர், நூத்தி ரெண்டு இருக்கு’ என்பார்கள். 37.8 என்று சொன்னால் அம்மாவின் முகத்தில் ஒன்றும் ஓடாது, 100 என்றால் உடனே நிமிர்வார். நம் தமிழ்ப் பத்திரிகைகளும் அக்னி நட்சத்திரத்தில் ‘வெயில் சதம்’ என்று 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத்தான் போடுகின்றன. சதம் என்ற சொல்லுக்கு 37.8-ல் இடம் கிடையாது.

எனக்குக் கவலை தருவது ஸ்பூன். காய்ச்சல் சிரப் குழந்தையின் எடைக்கு ஏற்ப மில்லி கணக்கில் எழுதித் தருகிறார்கள். அதே மருந்து 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. வீட்டில் போய் ‘ஒரு ஸ்பூன்’ என்று கொடுக்கிறார்கள். எந்த ஸ்பூன்? சர்க்கரை டப்பாவில் இருப்பதா, குழம்பு ஊற்றுவதா? ஒரு தாய் எங்கள் வார்டுக்கு ஸ்பூனையே எடுத்து வந்து காட்டினார், ஊற்றிப் பார்த்தால் 9 மில்லி பிடித்தது. மருந்துப் பெட்டிக்குள் கோடு போட்ட சின்ன மூடி இருக்கும். தயவுசெய்து அதை மட்டும் பயன்படுத்துங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

---

லேத்_பீளமேடு எழுதியது:

கோவையில் பட்டறை. கரிசல்காடு நண்பருக்கு ஏழரை இஞ்ச், எங்களுக்குத் தௌ. ஒரு இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய மிஷினிஸ்ட் ‘ரெண்டு தௌ எடு’ என்பார், அது 0.05 மில்லிமீட்டர். இன்று டிராயிங் எல்லாம் மில்லிமீட்டர், மைக்ரோமீட்டரும் அதில்தான். ஆனால் எங்கள் பட்டறையில் மூலையில் நிற்கிற லேத்து என் வயதைவிடப் பெரியது, அதன் லீட் ஸ்குரூ (புரி வெட்டும்போது கருவியை நகர்த்தும் நீளத் திருகு) ஒரு இஞ்சுக்கு நாலு புரி.

அதில் மெட்ரிக் புரி வெட்ட வேண்டுமென்றால் 127 பல் கொண்ட ஒரு கியர் வேண்டும். ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர். ஐந்து இஞ்ச் 127 மில்லிமீட்டர். அங்கேதான் முதல் தடவையாக இரண்டும் முழு எண்ணில் சந்திக்கின்றன. 127 வேறு எந்த எண்ணாலும் வகுபடாது, அதனால் அதைவிடச் சின்ன பல்சக்கரத்தால் துல்லியமாக வராது. என் மாமா அந்தக் கியரை எண்ணெய்த் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்திருந்தார். மெட்ரிக் வேலை வந்தால் மட்டும் வெளியே எடுப்பார், வேலை முடிந்ததும் பிரஷ் போட்டுத் துடைத்து உள்ளே போய்விடும். பையன்கள் தொட்டால் அடி விழும். இன்றும் அந்தப் பெட்டி என்னிடம் இருக்கிறது.

அந்த மிஷினை ஏன் விற்கவில்லை என்று கேட்பார்கள். விவசாய மோட்டாரும் பழைய பம்ப்பும் ரிப்பேருக்கு வருகிற வரைக்கும் விட்வொர்த் என்ற பழைய இஞ்ச் கணக்குப் புரி வெட்டியாக வேண்டும். ஐந்து பை பதினாறு இஞ்ச் போல்ட்டும் மெட்ரிக் எம்-8 போல்ட்டும் கையில் எடுத்தால் ஒரே மாதிரி இருக்கும், 7.94 எம்எம்முக்கும் 8 எம்எம்முக்கும் கண்ணுக்கு என்ன தெரியும்? புரி வேறு. தெரியாத பையன் ஸ்பானர் போட்டு அழுத்தினால் இரண்டு சுற்றுப் போய் நட்டு செத்துவிடும். எங்களிடம் வருகிற பாதி ரிப்பேர் அப்படி ‘செத்த’ புரிகள்தான்.

---

வலிகாமம் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். எங்கட பக்கமும் இதே கதைதான்.

இலங்கையில் எழுபதுகளில் மெட்ரிக் வந்தது. கடையில் கிலோ, பெற்றோல் லீற்றர், வீதியில் கிலோமீற்றர். ஆனால் பேக்கரியில் போய் ‘ஒரு றாத்தல் பாண்’ என்றுதான் கேட்போம். பாண் என்றால் ரொட்டி, றாத்தல் என்றால் பவுண்டு, பாணின் எடையோ 450 கிராம். காணி என்று வந்தால் உறுதியில் (பத்திரத்தில்) பரப்பும் குழியும். 18 குழி ஒரு பரப்பு, வீட்டுக் காணிக்கு 16 பரப்பு ஒரு ஏக்கர். நெற்பரப்பு, வரகுப் பரப்பு என்று இரண்டு வகை உண்டு, உறுதியைச் சரியாக வாசிக்காவிட்டால் ஆள் மாட்டுப்படுவார். கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பேர்ச்சஸ் தெரியும், பரப்பு தெரியாது. பத்துப் பேர்ச்சஸ் ஒரு பரப்பு என்று சொல்லிக் கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

---

மீட்டர்கேஜ்_ரசிகன் எழுதியது:

ஒரு சின்னத் தகவல். இந்தியாவில் மெட்ரிக் 1956-ல்தான் முதல் தடவை பேசப்பட்டது என்று நினைக்க வேண்டாம். மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த 1870 வாக்கிலேயே சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள், நடைமுறைக்கு வராமல் நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில் திட்டமிட்ட குறுகிய ரயில் பாதையின் அகலத்தை மட்டும், எப்படியும் மெட்ரிக் வரப்போகிறது என்று 1000 மில்லிமீட்டராக வைத்துவிட்டார்கள். நம் எழும்பூரிலிருந்து தெற்கே ஓடிய ரயில்களின் மீட்டர் கேஜ் அதுதான். கிலோ வருவதற்கு எண்பது வருடம் முன்பே நம் தாத்தாக்கள் ஒரு மீட்டர்மேல் உட்கார்ந்து பயணம் போயிருக்கிறார்கள்! இப்போதிருக்கும் அகலப் பாதையோ ஐந்தடி ஆறு இஞ்ச், 1676 மில்லிமீட்டர்.

---

வாய்க்கால்கரை எழுதியது:

அருமையான தகவல் தம்பி.

எனக்கு ஒன்று சேர்க்கத் தோன்றுகிறது. எங்கள் பக்கம் தினமும் காலையில் பத்திரிகையில் முதலில் பார்ப்பது மேட்டூர். நீர்மட்டம் அடியில், முழு மட்டம் 120 அடி. வரத்தும் திறப்பும் கன அடியில். இருப்பு டிஎம்சியில், அதாவது நூறு கோடி கன அடி. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. காவிரித் தீர்ப்பு டிஎம்சியில்தான், 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குச் சொன்னது 177.25. இதை யாராவது கன மீட்டரில் எழுதினால் டெல்டாவில் ஒருத்தருக்கும் புரியாது, எனக்கும் புரியாது. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இந்தக் கணக்கு எங்கள் டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். வழக்குக் கட்டுகளும் ஒப்பந்தங்களும் அணையின் அளவுகோலும் எல்லாம் அதில் இருக்கின்றன. அதைத் தொட்டு மாற்ற எந்த அரசுக்கும் துணிவு வராது, வரவும் வேண்டாம் என்பதே என் எண்ணம். ஒரு புள்ளி இடம் மாறினால் எத்தனை குறுவை போகும்!

---

கரிசல்காடு எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

கதவு விஷயம் முடிந்தது. தச்சுப்பட்டறை அண்ணன் சொன்னபடி மேலே 30 எம்எம் ரீப்பர், கீல் பக்கம் 11 எம்எம் பட்டி. எங்கள் ஆசாரி 30 எம்எம்மை ‘ஒன்னு, ஒன்றரை நூல்’ என்று டேப்பின் மேல் வரிசையில் பார்த்துத்தான் அறுத்தார், சரியாக உட்கார்ந்தது. நான்கு கதவுக்கு இரண்டு நாள் கூலி கூடுதல்.

மாடியில் இன்னும் மூன்று நிலை வைக்க வேண்டும். இந்தத் தடவை கதவுக் கடையிலிருந்து ஒரு கதவை முன்கூட்டியே வாங்கி சைட்டில் சாய்த்து வைத்துவிட்டேன். மேஸ்திரி அதன்மேல் டேப்பை வைத்து அளந்து, சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ‘6 அடி 10¾, 2 அடி 11½’ என்று எழுதிக்கொண்டார். பக்கத்தில் நான் 2100, 900 என்று எழுதி வைத்தேன். இரண்டையும் அழிக்க வேண்டாம் என்று சித்தாளிடம் சொல்லியிருக்கிறேன்.

வார்டு சிஸ்டர் அக்காவுக்குத் தனியாக ஒன்று. நேற்று வீட்டில் மருந்து அலமாரியைத் திறந்து பார்த்தேன். கோடு போட்ட மூடி இரண்டு பாட்டிலுக்கு இருக்கிறது, ஒன்றுக்கு இல்லை. அதற்கு 5 மில்லி மூடி ஒன்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிவிட்டேன்.